கூடம், மேஜை, திரை

நம்முடைய சினிமா இசையைப் பற்றி எழுதப்படுபவற்றில் பெரும்பகுதி மெட்டைப் பற்றியது. மிச்சம், மெட்டுப் போட்டவர் பட்ட கஷ்டங்களைப் பற்றியது. பாட்டுக்கு ராகம் கண்டுபிடித்துச் சொல்கிற எழுத்து என்று ஒன்று தனியாக உண்டு. அது விமர்சனமல்ல, குறுக்கெழுத்துப் போட்டி. ஒரு பாட்டு உருவாகிற நேரத்தில் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், யார் கண்ணுக்கு எது தெரிந்தது, எது மறைந்திருந்தது என்ற கேள்வி இந்த எழுத்துக்களுக்குள் நுழைவதில்லை. காதுக்கான கலையில் கண்ணுக்கு என்ன வேலை என்ற எண்ணம் காரணமாக இருக்கலாம். ஆனால் கடந்த நாற்பது வருஷங்களில் இசையை உண்டாக்குகிற வேலை, கேட்கிற வேலையாக இருப்பதைக் காட்டிலும் பார்க்கிற வேலையாக ஆகிவிட்டது. இந்த மாற்றத்தை அதன் மிகச் சில்லறையான ஒரு மூலையிலிருந்து பார்க்கலாம் என்று தோன்றுகிறது. ஒலிப்பதிவு மென்பொருளில், திரையின் மேல் ஜன்னல்கள் இருக்கிற அமைப்பைச் சேமித்து வைத்துக்கொண்டு, வேண்டும்போது ஓர் எண்ணை அழுத்தி வரவழைக்கிற வசதி ஒன்று உண்டு. நான் சொல்கிற மூலை அதுதான்.

ஊரப்பாக்கத்தில், ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், நண்பர் ஒருவர் மாடி அறையை ஒலிப்பதிவுக் கூடமாக வைத்திருக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர். இளமையில் கோடம்பாக்கத்தில் கீபோர்டு புரோகிராமராக இருந்தவர். இப்போது பக்திப் பாடல்கள், குறும்படங்கள், கல்யாண வீடியோவுக்குப் பின்னணி என்று வருகிறதைச் செய்கிறார். ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டிருந்தும் எலெக்ட்ரிக் ரயிலின் ஹார்ன் உள்ளே வந்துவிடும். 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு ஜி.எஸ்.டி. ரோட்டின் சத்தமும் கூடியிருக்கிறது. ஆகவே பாடுகிறவர்களை இரவு பத்து மணிக்கு மேல்தான் வரச்சொல்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பது என் வழக்கம்.

அவர் வேலை செய்யும்போது விரல் தானாக ஓர் எண்ணின் மேல் போகும். 1ஐ அழுத்தினால், பாட்டின் எல்லா ட்ராக்குகளும் படுக்கை வரிகளாக, மேலிருந்து கீழே. 2ஐ அழுத்தினால் அவையெல்லாம் மறைந்து மிக்ஸர். 3, ஒரே ஒரு குரலின் அலைவடிவம், திரை முழுக்க, வெட்டி ஒட்டுவதற்குத் தோதாக. 4, பியானோ ரோல். 5, படம் ஓடுகிற ஜன்னலும் அதன் கீழே நொடிக் கணக்கும். பாட்டு நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். பார்வை மட்டும் மாறிக்கொண்டேயிருக்கும். “இது இல்லேன்னா பாதி நேரம் நான் ஜன்னலைத் தேடிக்கிட்டிருப்பேன், தம்பி” என்றார் ஒரு தடவை. சாதாரணமாகச் சொன்னதுதான். ஆனால் சங்கீதம் செய்கிறவன் தேடவேண்டியது ஜன்னலையா என்று எனக்கு அன்று ராத்திரி முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் உபயோகிப்பது லாஜிக் என்ற மென்பொருள். அதில் இந்தச் சேமித்த அமைப்புக்கு ஸ்க்ரீன்செட் என்று பெயர். ஒன்றிலிருந்து தொண்ணூற்றொன்பது வரை எண்கள். பூஜ்யம் சேர்ந்த எண் மட்டும் கிடையாது. பத்து இல்லை, இருபது இல்லை, ஆகவே மொத்தம் 90. இரண்டு இலக்க எண்ணானால் முதல் இலக்கத்தைக் கண்ட்ரோல் விசையோடு சேர்த்து அழுத்தவேண்டும். எந்தெந்த ஜன்னல் திறந்திருக்கிறது, எங்கே, எவ்வளவு பெரிதாக, எந்த அளவுக்கு உருப்பெருக்கி என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் அடங்கும். பாட்டின் ஒரு ஸ்வரம்கூட அதில் அடங்காது. இதில் இரண்டு விஷயங்கள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, இந்த அமைப்புகள் பாட்டின் கோப்போடு சேர்ந்தே சேமிக்கப்படுகின்றன. பாட்டை இன்னொருவரிடம் கொடுத்தால், கொடுத்தவர் அதைப் பார்த்த விதமும் கூடவே போகிறது. இரண்டு, ஒரு ஸ்க்ரீன்செட்டைப் பூட்டாமல் விட்டால், நீங்கள் ஜன்னலை நகர்த்த நகர்த்த அதுவும் மாறிக்கொண்டே வரும்; கடைசியாக எப்படி விட்டீர்களோ அதுவே அந்த எண்ணின் பொருள். பூட்டினால் எண்ணின் பக்கத்தில் ஒரு புள்ளி தெரியும். பிறகு எவ்வளவு கலைத்துப்போட்டாலும் அந்த எண்ணை மறுபடி வரவழைக்கும்போது பழையபடி வந்து நிற்கும்.

மற்ற மென்பொருள்களும் இதைத் தத்தம் வழியில் செய்கின்றன. ப்ரோ டூல்ஸில் 2006இல் வந்த 7.3 பதிப்பிலிருந்து விண்டோ கான்ஃபிகரேஷன் என்ற பெயரில் இருக்கிறது. க்யூபேஸ் இதை வொர்க்ஸ்பேஸ் என்கிறது. அதில் ஓர் அமைப்பு இந்தப் பாட்டுக்கு மட்டும் உரியதா, எல்லாப் பாட்டுக்கும் பொதுவா என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். பார்வை என்பது பாட்டைச் சேர்ந்ததா, பார்க்கிறவனைச் சேர்ந்ததா? நம் இலக்கிய விமர்சனத்தில் அரை நூற்றாண்டாக அடித்துக்கொண்டிருக்கிற கேள்வி, அங்கே ஒரு மெனுவில் இரண்டு வரியாக உட்கார்ந்திருக்கிறது.

இந்த அமைப்பு என்கிற சமாசாரம் கம்ப்யூட்டரோடு வந்ததல்ல. 1902இல் கிராமபோன் கம்பெனியின் சார்பில் ஃப்ரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் குரலைத் தட்டில் பிடித்தபோது மைக் என்பதே இல்லை. ஒரு குழல். அதன் வாய்க்குள் பாடவேண்டும். ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ திருகு எதுவும் கிடையாது, ஆளைத்தான் நகர்த்தவேண்டும். மெல்லிய வாத்தியம் குழலின் அருகே, சத்தமான வாத்தியம் சுவரோரமாக. வயலின் போதவில்லை என்று அதன் உடலை எடுத்துவிட்டு உலோகக் குழலைப் பொருத்திய ஸ்ட்ரோ வயலின் என்கிற விசித்திரப் பிராணிகூட அந்த நாளில் உலவியது. அதாவது, யார் எங்கே நிற்கிறார்கள் என்பதுதான் அன்றைய மிக்ஸிங். 1925இல் மின்சார ஒலிப்பதிவு வந்து மைக் நிலைபெற்ற பிறகும், இரண்டு மூன்று மைக்குகளை வைத்துக்கொண்டு வேலை செய்த காலம் முழுவதும், இந்த விதி அவ்வளவாக மாறவில்லை.

கோடம்பாக்கத்தின் பெரிய ஒலிப்பதிவுக் கூடங்கள் இந்த விதியின் மேல் கட்டப்பட்டவை. வயலின்கள் ஒரு பக்கம், தாள வாத்தியங்கள் தடுப்புக்கு அப்பால், பாடகருக்குக் கண்ணாடி அறை, நடுவில் கண்டக்டர். காலையில் ஒத்திகை; எல்லாம் கூடிவந்த பிறகு டேக். ஒருவர் தப்பு செய்தால் எல்லாரும் மறுபடி முதலிலிருந்து. 1976இல் ‘அன்னக்கிளி’யோடு வந்த இளையராஜா, வாத்தியம் வாத்தியமாக ஸ்வரக் குறிப்புகளைக் கையால் எழுதிக் கொடுத்து வாசிக்கச் செய்தபோது, இந்தக் கூடம் தன் உச்சத்தை அடைந்தது என்று நினைக்கிறேன். அங்கே ஒரு புல்லாங்குழல்காரர் தன் முறைக்காகக் காத்திருக்கும்போது வயலின்காரரின் வில்லைப் பார்க்கிறார். தபலாக்காரர் கண்டக்டரின் கையைப் பார்க்கிறார். பாட்டு என்கிற முழுமை, குறையோடும் கோணலோடும், நாற்பது ஐம்பது ஜோடிக் கண்களில் பங்கு போடப்பட்டிருந்தது. அவரவருக்குத் தன் இடத்திலிருந்து ஒரு கூடம் தெரிந்தது. கூலி வேலைதான், சந்தேகமில்லை. அந்தக் காலத்துக்குப் பட்டுக்குஞ்சம் கட்ட எனக்கு விருப்பமில்லை. அந்த வயலின்காரர்களின் பெயர்கள் இசைத்தட்டின் உறையில் அச்சாகவில்லை. ஆனால் தான் எதில் ஒரு பகுதி என்பதாவது அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது.

நாற்பது வருஷங்களுக்கு மேல் ஒரே கூடத்தில் வேலை செய்த இளையராஜா அதைவிட்டு வெளியேற நேர்ந்து, 2021 பிப்ரவரியில் கோடம்பாக்கத்தில் தனக்கென்று ஒரு கூடம் திறந்தார். பத்திரிகைகள் இதை இடத் தகராறாக மட்டும் பார்த்தன. ஒரு மனிதரின் காது நாற்பது வருஷமாக எந்தச் சுவரில் எது பட்டுத் திரும்பும் என்று பழகியிருந்தது. சேமித்துவைத்த அமைப்பு என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. அதை எந்த எண்ணை அழுத்தியும் வேறோர் இடத்தில் வரவழைக்க முடியாது.

கூடத்திலிருந்து திரைக்கு வருவதற்கு இடையில் மேஜை இருக்கிறது. பல ட்ராக் டேப் இயந்திரம் வந்ததும் வாத்தியங்களை வெவ்வேறு வேளைகளில் பதியலாம் என்றாயிற்று. அமைப்பு கூடத்தின் தரையிலிருந்து ஒலிப்பதிவாளரின் மேஜைக்கு, அதன் நூற்றுக்கணக்கான குமிழ்களுக்கும் ஃபேடர்களுக்கும் நகர்ந்தது. இன்று ஒரு பாட்டு, நாளை வேறு பாட்டு. நாளை மறுநாள் முதல் பாட்டுக்குத் திரும்பவேண்டுமானால் ஒவ்வொரு குமிழும் எங்கே இருந்தது? குமிழ்களின் படம் அச்சிட்ட தாளில் பென்சிலால் குறித்துக்கொண்டார்கள். உடனே படம் தரும் போலராய்ட் காமிராவால் மேஜையைப் படமெடுத்து வைத்தவர்களும் உண்டு. 1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் சாலிட் ஸ்டேட் லாஜிக் நிறுவனம் தன் மேஜைகளில் டோட்டல் ரீகால் என்றொரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. (நம் லாஜிக் மென்பொருளுக்கும் இதற்கும் பெயரைத் தவிர உறவில்லை.) பெயர்தான் கம்பீரம். அது குமிழ்களைத் தானே திருப்பாது. பழைய நிலை எது, இப்போதைய நிலை எது என்று ஒரு சின்னத் திரையில் காட்டும். உதவியாளர் ஒருவர் அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகக் கையால் திருப்பவேண்டும். ஞாபகம் இயந்திரத்திடம், உழைப்பு மனிதனிடம்.

இதற்குள் வேறோர் இடத்தில், இசைக்குச் சம்பந்தமில்லாத ஆட்கள், திரையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றன்மேல் ஒன்று படியும் ஜன்னல்கள் என்ற கற்பனை 1970களில் கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தில் உருப்பெற்றது. மேஜைமேல் காகிதங்கள் போல. ஆனால் மேஜை பெரியது, திரை சின்னது. 1986இல் அதே நிலையத்தைச் சேர்ந்த ஆஸ்டின் ஹெண்டர்சன், ஸ்டூவர்ட் கார்ட் இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஜன்னல்களை நகர்த்துவதிலேயே ஆட்களின் நேரம் போகிறது என்பதைக் கவனித்து, அதை அவர்கள் விளக்கிய விதம் நூதனமானது. கம்ப்யூட்டரின் நினைவகம் போதாதபோது, ஒரு காரியத்துக்கு ஒரு நேரத்தில் தேவைப்படும் பக்கங்களை மட்டும் உள்ளே வைத்துக்கொள்வது என்ற கருத்தை 1968இல் பீட்டர் டென்னிங் முன்வைத்திருந்தார். மனிதன் வேலை செய்வதும் அப்படித்தான், ஒரு காரியத்துக்கு ஒரு கொத்து ஜன்னல்கள், அடுத்த காரியத்துக்கு அடுத்த கொத்து, ஆகவே கொத்துக் கொத்தாகச் சேமித்துவைத்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்படி செய்துவிடலாம் என்றார்கள் இவர்கள். தாங்கள் செய்த ஏற்பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘ரூம்ஸ்’ - அறைகள். கோடம்பாக்கத்தில் ஐம்பது பேர் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருந்த அதே வருஷங்களில், அறை என்ற சொல் கண்ணாடித் திரைக்குள் குடியேறிவிட்டது.

இசைக் கருவிகளும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்வதற்கான மிடி என்ற பொது மொழி 1983இல் வந்தது. 1985இல் வந்த அட்டாரி எஸ்.டி. என்ற மலிவான கம்ப்யூட்டரில் மிடிக்கான துளைகள் முதலிலேயே இருந்தன. ஜெர்மனியில் ஸி-லாப் என்ற சிறு நிறுவனம் க்ரியேட்டர், நொட்டேட்டர் என்று அதற்கு மென்பொருள் எழுதியது. அந்த ஆட்களே பிற்பாடு எமாஜிக் என்ற பெயரில் லாஜிக்கைக் கொண்டுவந்தார்கள். 1989இல், ஹாம்பர்கின் ஸ்டைன்பர்க் நிறுவனத்திலிருந்து க்யூபேஸ். இடமிருந்து வலமாகக் காலம், மேலிருந்து கீழாக வாத்தியங்கள்: இன்று உலகத்தில் எந்த மென்பொருளைத் திறந்தாலும் தெரிகிற காட்சி க்யூபேஸோடு பரவியதுதான். அட்டாரியின் கறுப்பு வெள்ளைத் திரை 640 புள்ளிக்கு 400 புள்ளி. அவ்வளவு சிறிய இடத்தில் ஒரு முழு வாத்தியக் குழுவையும் வைக்கவேண்டியிருந்த நெருக்கடியைப் பார்க்கும்போது, எண்ணை அழுத்திப் பார்வையை மாற்றும் வசதி பிறந்தது ஆச்சரியமில்லை. 1990களின் லாஜிக்கிலேயே ஸ்க்ரீன்செட் இருந்தது. 2002 ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் எமாஜிக்கை வாங்கிக்கொண்டு, அதே வருஷம் விண்டோஸ் பதிப்பை நிறுத்தியது. தங்கள் பார்வையை அதில் பழக்கிவைத்திருந்த விண்டோஸ்காரர்கள் கம்ப்யூட்டரை மாற்றவேண்டும், அல்லது பார்வையை மாற்றவேண்டும்.

தமிழில் இந்தக் கதை 1986இல் வந்த ‘புன்னகை மன்னன்’ படத்திலிருந்து சொல்லப்படுவது வழக்கம். கம்ப்யூட்டர் வழி வாத்தியங்களை இயக்கிய படமாக அது பேசப்படுகிறது. ஆனால் அமைப்பு மாறியது, 1989இல் ஏ.ஆர். ரஹ்மான் தன் வீட்டுப் பின்புறத்தில் பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற சிறு கூடத்தைத் திறந்தபோதுதான். 1992 ஆகஸ்டில் ‘ரோஜா’ வெளியானது. அந்தப் பாட்டுக்களில் ஜனங்கள் புதிதாக உணர்ந்தது சுத்தம் - ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாக, சுற்றிலும் வெற்றிடத்தோடு நிற்பது. இதை ஒலியின் துல்லியம் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு அது ஒரு புது உட்காரும் முறையின் விளைவு என்றே படுகிறது. பாடகர் ஒரு நாள் ராத்திரி வருகிறார். பல விதமாகப் பாடிவிட்டுப் போகிறார். புல்லாங்குழல்காரர் வேறு நாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. தான் பாடியதில் எது எங்கே வைக்கப்படும் என்பது அவர்களுக்கே படம் வந்த பிறகுதான் தெரியும். தனித்தனியாகப் பதிந்ததைப் பொருத்தி ஒரே வெளியில் நிறுத்தும் கலையில் எச். ஸ்ரீதர் தேர்ந்தவர், ‘மகாநதி’ உட்படப் பல படங்களுக்குத் தேசிய விருது பெற்ற அவர் 2008 டிசம்பரில் இறந்தபோது, பத்திரிகைகள் ஒதுக்கிய இடம் ஒரு நடிகரின் ஜலதோஷத்துக்கு ஒதுக்குவதைவிடக் குறைவு.

நான் சொல்லவருவது தொழில் நுட்பத்தின் மீதான புகார் அல்ல. புகார் சொல்வதற்கு என்று நம்மிடம் ஒரு கூட்டமே இருக்கிறது. நான் கவனிப்பது வேறு. பாட்டை முழுதாகப் பார்க்கிற உரிமை, ஐம்பது பேரிடமிருந்து, திரைக்கு முன் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்த பிறகு அந்த ஒருவராலும் அதை முழுதாகப் பார்க்க முடியவில்லை, திரை போதவில்லை. ஆகவே முழுமை 1, 2, 3 என்று துண்டு போடப்பட்டது. எல்லாவற்றையும் பார்க்கும் அதிகாரம் பெற்றவன் எப்போதும் ஒரு துண்டையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

நான் வேலை பார்க்கும் பாங்க்கில் இதே கதையின் வேறு பிரதி உண்டு. பேரேடு இருந்த காலத்தில் ஒரு கணக்கைத் திறந்தால் பக்கத்துக் கணக்கும் கண்ணில் படும், எந்த ஊர்க்காரர் எப்படியிருக்கிறார் என்பது தானாகத் தெரியும் என்பார்கள் ஓய்வு பெறும் வயதிலிருந்த மூத்தவர்கள். இப்போது கிளார்க்குக்கு ஒரு திரை, அதை அங்கீகரிக்கும் ஆபீஸருக்கு வேறு திரை. நான் போட்டது அவர் திரையில் என்னவாகத் தெரிகிறது என்பதை நான் பார்த்ததில்லை. போகட்டும்.

எண்ணை வைத்து ஓர் அமைப்பை வரவழைப்பது என்பதில் நம்மவர்கள் யாருக்கும் இளைத்தவர்களல்ல. பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சையில் வேங்கடமகி வகுத்த எழுபத்திரண்டு மேளத் திட்டமும், பின்னால் அதோடு சேர்ந்த கடபயாதிப் பெயர்களும் வேறென்ன? மாயாமாளவகௌளை என்றால் மா ஐந்து, யா ஒன்று. திருப்பிப் போட்டால் பதினைந்து. பதினைந்து என்றதும் எந்த ரி, எந்த க, எந்த த, எந்த நி என்று ஏழு ஸ்வரங்களும் வந்து நிற்கும். ஹனுமத்தோடி எட்டு. ஆனால் எட்டு என்ற எண்ணுக்குள் தோடி இல்லை. தோடியின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்பதே கிடையாது. கீழே ரிஷபத்தையும் மேலே மத்தியமத்தையும் தொட்டு அசைந்துகொண்டேயிருக்கும் அந்த அசைவுதான் காந்தாரம். எண் தருவது ஸ்வரத்தானங்களின் பட்டியல். இது வேங்கடமகிக்குத் தெரியாததல்ல. பட்டியலையே ராகம் என்று எடுத்துக்கொள்கிற புத்தி பிற்பாடு வந்தது.

மென்பொருளைத் திறந்ததும் கேட்காமலே வருகிற முதல் அமைப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். லாஜிக்கில் புதிதாக ஒரு பாட்டைத் தொடங்கினால், ஒரு ஸ்வரமும் பதியாத அந்த வெறுமையில் நிமிஷத்துக்கு 120 அடி என்ற வேகம், நான்குக்கு நான்கு என்ற தாளம், ஸி மேஜர் என்ற சுருதி மூன்றும் ஏற்கனவே எழுதப்பட்டிருக்கும். மேலே அளவுகோல், பார் பாராக. பியானோ ரோலில் இடது ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாகப் பன்னிரண்டு கட்டைகள். எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம், மாற்றத் தெரிந்தவர்கள் மாற்றிக்கொள்கிறார்கள். ஆனால் வெற்றுத் தாள் என்று ஒன்று இல்லை. கோடு போட்ட நோட்டில் எழுதுகிறவனின் கையெழுத்து கோட்டுக்குத் தக்கபடி ஆகிவிடுவதைப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

ஊரப்பாக்கத்து அறைக்கு 2014இல் நாகஸ்வர வித்வான் ஒருவர் வந்தார். செங்கற்பட்டுப் பக்கத்துக் கோயில் ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்தவர், எழுபது வயதுக்கு மேல். மாணவர் ஒருவரின் முயற்சியில், அவர் வாசிப்பைப் பதிந்துவைக்கவேண்டும் என்று ஏற்பாடு. தோடி ஆலாபனை. நாகஸ்வரத்தில் தோடி என்றால் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் பெயர் குறுக்கே வந்து நிற்கும். அதைத் தாண்டி வாசிப்பதற்கே தைரியம் வேண்டும். அறை சிறியது, தனி அறையென்று எதுவும் கிடையாது, திரை அவர் கண்ணெதிரில். நண்பர் வழக்கம்போல 3இல் வைத்திருந்தார். வித்வான் வாயில் சீவாளியை வைத்து ஊதத் தொடங்கியதும் திரையில் அலைவடிவம் ஓடியது, பார் அளவுகோலின் கீழே. அவர் இரண்டு நிமிஷத்தில் நிறுத்திவிட்டார். மறுபடி தொடங்கினார், மறுபடி நின்றுவிட்டது. எனக்குக்கூடத் தெரிந்தது, காந்தாரத்தில் நின்று அசைக்கவேண்டிய இடத்தில் அவர் அவசரப்படுகிறார். கோடுகள் வந்துகொண்டேயிருக்கின்றன, ஒவ்வொரு கோட்டுக்கும் ஏதோ பதில் சொல்லவேண்டியிருப்பதுபோல.

“தம்பி, அந்தப் பொட்டியைக் கொஞ்சம் மூடுங்க. யாரோ பக்கத்துல உக்காந்து கணக்கு எழுதற மாதிரி இருக்கு” என்றார்.

திரையை அணைத்துவிட்டால் பதிவு ஓடுகிறதா என்று நண்பருக்குத் தெரியாது. அவர் 9ஐ அழுத்தினார். அதுவரை உபயோகிக்காத எண். அதில் இருந்த ஜன்னலையெல்லாம் மூடினார். நேரம் காட்டும் ஒரு சின்னப் பெட்டியை மட்டும் வலது ஓரத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு வைத்தார். பார் கணக்கு இல்லை, நிமிஷமும் நொடியும் மட்டும். மற்றபடி திரை இருட்டு. வித்வான் வாசித்தார். பிறகு நிறுத்தவேயில்லை. இடையில் ஒரு தடவை ரயில் ஹார்ன் வந்தது. அதுவும் பதிவில் இருக்கிறது. அந்த ஆலாபனையின் தரத்தைப் பற்றி எழுத இந்தக் கட்டுரை இடமல்ல, எனக்கு அந்த யோக்கியதையும் போதாது. அவர் போன பிறகு நண்பர், 2013இல் லாஜிக்கில் புதிதாக வந்திருந்த ஃப்ளெக்ஸ் பிட்ச் என்ற வசதியில் அதைப் போட்டுக் காட்டினார். குரலையோ வாத்தியத்தையோ அலசி, ஸ்வரத்துக்கு ஒரு கட்டம் வீதம் அடுக்கித் தரும் கருவி. தோடியின் காந்தாரத்தை அது மூன்று கட்டங்களாக நறுக்கியிருந்தது, ஒன்றாவது சரியான இடத்தில் இல்லை என்ற குறிப்போடு. இருவரும் சிரித்தோம். சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று பிறகு தோன்றியது. நாளைக்கு இந்தத் திரையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளப்போகிற பையனுக்கு அந்த மூன்று கட்டங்கள்தான் காந்தாரம்.

2007இல் வந்த லாஜிக் 8லிருந்து எல்லா ஜன்னல்களும் ஒரே பெரிய ஜன்னலுக்குள் அடுக்கப்பட்டுவிட்டன; வேண்டிய பகுதியைத் திறக்கவும் மூடவும் ஓர் எழுத்தை அழுத்தினால் போதும். புதிதாக வருகிற பையன்கள் பலருக்கு ஸ்க்ரீன்செட் என்று ஒன்று மெனுவில் இருப்பதே தெரியாது என்கிறார் நண்பர். திரைகளும் பெரிதாகிவிட்டன. ஒரு பழைய கோப்பைத் திறக்கும்போது மட்டும் அது வெளிப்படுகிறது. அந்தக் காலத்துச் சின்னத் திரைக்கு அளவாக அடுக்கிய ஜன்னல்கள் இன்றைய பெரிய திரையில் இடது மேல் மூலையில் ஒண்டிக்கொண்டு நிற்கும். சுற்றிலும் காலி இடம்.

போன மாதம் வித்வானின் பேரன் வந்திருந்தார். பெரியவர் காலமாகி ஒரு வருஷம் ஆகிறது. வருஷாப்திகத்துக்கு ஒரு வீடியோ, அதில் சேர்க்க அந்தத் தோடி வேண்டும். நண்பர் கோப்பைத் திறந்தார். கடைசியாக விட்ட அமைப்பிலேயே திறந்தது. இருட்டு. பழைய திரையின் வலது ஓரம் இப்போது ஏறக்குறைய நடுவில் இருந்தது; அங்கே, காலியான வெளியில், அந்தக் கட்டைவிரல் அளவு நேரப் பெட்டி. பேரன், படம் தெரியவில்லையே, ஏதாவது கோளாறா என்று கேட்டார். நண்பர் பதில் சொல்லாமல் மெனுவை இறக்கிப் பார்த்தார். 9இன் பக்கத்தில் புள்ளி இல்லை. இத்தனை வருஷமும் பூட்டாமலே இருந்திருக்கிறது; யாராவது ஒரு ஜன்னலை அதில் திறந்து வைத்திருந்தால் போயிருக்கும். அதைப் பூட்டினார். பிறகு 3ஐ அழுத்தினார். ஆலாபனை இருபத்திரண்டு நிமிஷம். வீடியோவில் நான்கு நிமிஷம்தான் இடம் இருந்தது.